பிரீஃப் வாசிப்பது பற்றி நண்பனுக்கு ஒரு கடிதம்

ஹட்டன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும், அதனுடன் நீ இணைத்திருந்த, தம் விடுதிக்கு இலச்சினை கேட்டு எல்ல விருந்தினர் விடுதிக்காரர் எழுதிய பிரீஃபும், அதாவது வேலைக் குறிப்பும், கிடைத்தன. கொழும்பு அச்சக வேலையை விட்டுப் பண்டாரவளைக்கே திரும்பி, சொந்தமாக வடிவமைப்பு வேலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிவிட்டாய் என்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். அச்சகத்தில் இருந்தவரை, மற்றவர்கள் முடிவு செய்துவிட்ட வேலைதான் உன் மேசைக்கு வந்தது. இப்போது முடிவுக்கு முந்திய குழப்பமும் உன்னிடமே வருகிறது. அதை எப்படி வாசிப்பது என்று கேட்டிருந்தாய். என் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கும் விடயம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வாடிக்கையாளர் தரும் பிரீஃபில் பெரும்பாலும் விடை எழுதப்பட்டிருக்கும், வினா எழுதப்பட்டிருக்காது. பாலத்தை வரையுங்கள், ரயில் இருக்கட்டும், பச்சை நிறம் தூக்கலாக வேண்டும் என்பவை எல்லாம் அவர் தாமாகவே கண்டடைந்த விடைகள். எந்தத் தேவைக்காக அவற்றைக் கண்டடைந்தார் என்பதை அவரிடமே கேட்டறிந்து, நம்முடைய சொற்களில் அரைப் பக்கத்துக்குள் எழுதி, "உங்கள் தேவை இதுதானே?" என்று திருப்பி அனுப்பி, அவர் ஆம் என்ற பிறகுதான் பென்சிலைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த அரைப் பக்கத்தை எழுதுவதுதான் நம் தொழிலின் மிகக் கடினமான பகுதி என்றுகூடச் சொல்வேன்.

உன் விடுதிக்காரரின் பிரீஃபையே எடுத்துக்கொள்வோம். எளிமை, துடிப்பு, உயர்தரம், பாரம்பரியம், நவீனம் என்று அவர் முதல் பத்தியில் அடுக்கியிருப்பவற்றை உலகில் எந்த வாடிக்கையாளரும் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை. அதனாலேயே அவை உனக்கு எந்த வழியையும் காட்டமாட்டா. அவற்றை ஒதுக்கிவிட்டால் எஞ்சுவது ஒன்பது வளைவுப் பாலமும் அதன்மேல் ஒரு ரயிலும்தான். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலத்தின் அழகில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் எல்ல நகரத்து வீதியில் ஒருமுறை நடந்து பார். விடுதி, உணவகம், முச்சக்கரவண்டி என்று எங்கு திரும்பினாலும் அதே பாலம்தான் பலகையில் இருக்கிறது. ஒரு விடுதியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டவேண்டிய இலச்சினைக்கு, எல்லோரும் பகிர்ந்துகொண்டுவிட்ட உருவம் எப்படி உதவும்? மேலும், அவருடைய விருந்தினர்கள் அந்த இலச்சினையை முதலில் காணப்போவது வாசற் பலகையில் அல்ல, கைத்தொலைபேசியில் முன்பதிவுப் பக்கத்தின் ஓரத்தில், விரல் நகத்தை விடச் சிறிய ஒரு வட்டத்துக்குள். அந்த அளவில் ஒன்பது வளைவுகளும் கலந்து வெறும் சாம்பல் கோடாகிவிடும்.

அந்தப் பிரீஃபின் கடைசி வரியை நீ கவனித்தாயா? காலை உணவுக்குத் தம் மனைவி சுடும் ரொட்டியையும் சம்பலையும் பார்க்க விருந்தினர்கள் சமையலறைக்கே வந்து அமர்ந்துவிடுகிறார்கள் என்று அவர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். முழு ஆவணத்திலும் வேறெந்த விடுதிக்கும் பொருந்தாத வாக்கியம் அது ஒன்றுதான். மக்கள் தாம் சொல்லவேண்டும் என்று நினைப்பதை முதலில் எழுதுவார்கள். தமக்கு இயல்பாகிப்போனதைக் கடைசியில், பொருட்படுத்தாமல் எழுதுவார்கள். நான் எந்தப் பிரீஃபையும் முதலில் கடைசிப் பத்தியிலிருந்தே வாசிக்கத் தொடங்குகிறேன். அவரிடம் பாலம் வேண்டாம் என்று வாதாடாதே. திரும்பி வரும் விருந்தினர்கள் எதற்காக வருகிறார்கள், போகும்போது எதைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று மட்டும் கேள். அவர் தரும் பதிலில் அந்த அடுப்படி மீண்டும் வந்தால், உன் வேலை பாதி முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இலச்சினையில் தவறான பொருளை வரைந்தால் ஒரு விடுதிக்கு வருமானம் குறையலாம். வேறு சில வேலைகளில் அதன் விலை மிகப் பெரியது. அண்மையில் ஒரு சமூக அமைப்பு என்னிடம் மண்சரிவு விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒன்றைக் கேட்டது. ஏ3 அளவு, பல வண்ணம், மூன்று மொழிகளும் சம அளவில், நடுவே மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடும் காட்சி, முன்னால் அழும் தாய். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை நாம் இருவருமே மறக்கவில்லை என்பதால், அந்தக் காட்சியை அவர்கள் ஏன் கேட்டார்கள் என்பது எனக்குப் புரிந்தது. ஆயினும் அந்தப் படத்தைப் பார்க்கும் ஒருவர் அச்சப்படலாம், அழலாம். அன்றிரவு மழை கொட்டும்போது என்ன செய்யவேண்டும் என்பதை அதிலிருந்து அறிந்துகொள்ள முடியாது. ஆகவே சுவரொட்டி எங்கே ஒட்டப்படும், யார் பார்ப்பார்கள், எவ்வளவு நேரம் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன்.

நீண்ட உரையாடலுக்குப் பிறகு வந்த பதில்கள் வேலையையே மாற்றிவிட்டன. அது ஒட்டப்படப்போவது தோட்டங்களின் கொழுந்து மடுவங்களில். பார்ப்பவர்கள் கொழுந்து நிறுப்பதற்காக வரிசையில் நிற்பவர்கள், அதாவது படத்தை ஒவ்வொரு பகுதியாகப் பார்க்க அவகாசம் உள்ளவர்கள். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது மலை சரியும் என்பதை அல்ல. அது சரிவதற்கு முன் காட்டும் அறிகுறிகளை. நிலத்தில் புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சாயத் தொடங்கும் மரமும் மின்கம்பமும், சுவரிலும் தரையிலும் விரியும் பிளவு, இதுவரை இல்லாத இடத்தில் திடீரென ஊறும் கலங்கிய நீர். எனவே சரிவையும் அழும் தாயையும் விட்டுவிட்டு, ஒரு லயன் வரிசையையும் அதன் பின்புற மேட்டையும் பெரிதாக வரைந்து, இந்த நான்கையும் அவை உண்மையில் காணப்படும் இடங்களிலேயே வைத்தேன். வரிசையில் நிற்கும் ஒருவர் படத்தைப் பார்த்தபடியே தன் வீட்டின் பின்புறத்தை மனத்தால் ஒருமுறை சுற்றிவர வேண்டும் என்பதே என் ஆசை.

மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் மழை அளவுகளையும் பிரீஃபில் சேர்த்திருந்தார்கள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150 ஐத் தாண்டினால் அல்லது ஒரே மணி நேரத்தில் 75 ஐத் தாண்டினால் வெளியேற்றம். மிகவும் பயனுள்ள தகவல்தான். ஆனால் மழைமானி இல்லாத வீட்டில் அந்த எண்களை வைத்துக்கொண்டு எவரும் எதையும் அளக்க முடியாது. அவற்றை ஓரத்தில் சிறு அட்டவணையாக வைத்து, நடுப்பகுதியை அறிகுறிகளுக்கே விட்டேன். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற நிறங்களை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு கட்டத்துக்கும் 1, 2, 3 என்று எண்ணும் இட்டேன். மலிவான அச்சில் மஞ்சளும் செம்மஞ்சளும் எவ்வளவு நெருங்கிவிடும் என்பது உனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பாதுகாப்பான இடம் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் என்பதால், எங்கே போவது, யாரை அழைப்பது என்பதற்குக் கீழே வெற்றுக் கட்டம் ஒன்றை விட்டு, அங்கிருப்பவர்களே அதை மையால் நிரப்பும்படி செய்தேன். ஆங்கிலத்தைச் சம அளவில் கேட்டதற்குக் காரணம் நிதி தருபவர்களுக்குக் காட்டுவதுதான் என்று பேச்சில் தெரியவந்தது. அவர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக ஒரு பக்கம் செய்து கொடுத்துவிட்டு, சுவரைத் தமிழுக்கும், அயற்கிராமத்தவர்களுக்காகச் சிங்களத்துக்கும் வைத்துக்கொண்டோம். இந்த மாற்றங்களுள் ஒன்றுகூட முதலில் வந்த பிரீஃபில் இல்லை. அதே வேளை, அவர்கள் உண்மையில் விரும்பியதற்கு மாறான எதையும் நான் செய்யவில்லை.

வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றின் சிறுவர் நூலையும் இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன். 32 பக்கம், கதை நுவரெலியாவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடக்கிறது. மாதிரிக்கு அவர்கள் அனுப்பிய படங்களில் தென்னை மரங்களும், ஆற்றில் குளிக்கும் யானைகளும், பட்டுச்சேலையில் சிறு கூடை ஏந்திப் புன்னகைக்கும் பெண்களும் இருந்தார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் தென்னை வளராது என்பதையும், தை மாதக் காலையில் அங்கே புல்லின் மேல் உறைபனி படியும் நாட்களில் பிள்ளைகள் கம்பளித் தொப்பியோடுதான் பள்ளிக்குப் போவார்கள் என்பதையும் எழுதி அனுப்பினேன். கொழுந்து பறிக்கும் பெண் இடுப்பில், ஆடையைக் காக்கும் படங்கு கட்டியிருப்பார். கூடையின் கயிறு தலையில் மாட்டப்பட்டு, பாரம் முதுகில் இறங்கியிருக்கும். பல தோட்டங்களில் கூடைக்குப் பதிலாகப் பைகளே வந்துவிட்டன. இவை எல்லாவற்றையும் குறிப்பாக்கி, என் அரைப் பக்கத்தோடு இணைத்தேன். பதிப்பாசிரியர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். வாடிக்கையாளர் அனுப்பும் மாதிரிப் படங்களும் பிரீஃபின் பகுதியே. அவற்றையும் சொற்களைப் போலவே கேள்வி கேட்டு வாசிக்கவேண்டும். என்றேனும் ஒரு நாள் அந்த நூலின் பிரதி ஒன்று நம் மலையகப் பள்ளி ஒன்றின் நூலக மூலைக்கு வந்து சேர்ந்தால், அதைத் திறக்கும் சிறுமி அந்தப் பெண்ணின் முகத்தில் தன் தாயைத் தேடுவாள். அவளுக்குப் பொய்யான ஒரு படத்தைக் காட்ட எனக்கு மனமில்லை.

விடுதிக்காரர் மூன்று மாதிரிகள் கேட்கிறாரே, கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். 1986 இல் ஸ்டீவ் ஜொப்ஸ் தம் நெக்ஸ்ட் கணினி நிறுவனத்துக்காக அமெரிக்க வடிவமைப்பாளர் போல் ராண்டிடம் இலச்சினை கேட்டபோது, சில மாதிரிகளைக் காட்டமுடியுமா என்று கேட்டதற்கு ராண்ட் மறுத்து, தீர்வு ஒன்றையே தருவதாகச் சொன்னார் என்று ஜொப்ஸே பின்னர் கூறியிருக்கிறார். கணினியே வெளிவராத நிலையில், அது கனசதுர வடிவில் இருக்கும் என்ற செய்தியைப் பிடித்துக்கொண்டு, சற்றே சாய்த்து வைத்த ஒரு கனசதுரத்தை ராண்ட் வரைந்தார்; அதற்கு வந்து சேர்ந்த வழியைப் படிப்படியாக விளக்கும் ஒரு சிறு நூலையும் சேர்த்துக் கொடுத்தார். அவருக்கு அதற்காக ஒரு இலட்சம் டொலர் கிடைத்தது; நமக்கு அப்படியெல்லாம் கிடைக்காது. ஆனால் அந்த விளக்க நூலை நாமும் செய்யலாம். பல மாதிரிகளைக் கேட்பவர் பெரும்பாலும் எதை வைத்துத் தெரிவு செய்வது என்று அறியாதவர். தேவையைத் தெளிவாக எழுதி அவர் ஒப்புக்கொண்டுவிட்டால், ஒரே மாதிரியை வைத்துக்கொண்டே அது தேவைக்குப் பொருந்துகிறதா என்று இருவரும் பேசலாம். மிகவும் வற்புறுத்தினால் பென்சில் கோட்டில் இரண்டு கொடு. அதற்கு மேல் வேண்டாம்.

இறுதி ஒப்புதல் யாருடையது என்பதை முதல் நாளே கேட்டுக்கொள். உன்னிடம் பேசுபவர் மகனாக இருப்பார்; பணம் தருபவர் தந்தையாக இருப்பார்; அவருக்குப் பச்சை நிறமே பிடிக்காமல் இருக்கலாம். எத்தனை திருத்தங்கள் கட்டணத்துக்குள் அடங்கும் என்பதையும், படம் எங்கெங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்தப்படும் என்பதையும் அதே அரைப் பக்கத்தில் எழுதிவிடு. பெயர்ப்பலகைக்கு என்று வரைந்த படம் பின்னர் தேயிலைப் பொதியிலும் ரீசேட்டிலும் ஏறுவதைப் பார்த்திருப்பாய். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளியின் உரிமையை அவர் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் காக்கிறது. ஆயினும் என்ன உரிமையை விற்றோம் என்று எழுத்தில் இல்லாவிட்டால், அதை நிலைநாட்டுவது நமக்குத்தான் சிரமம்.

எழுத்துரு பற்றிய உன் கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறேன். விடுதிக்காரர் தமிழ்ப் பகுதியை யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தால், வேலை தொடங்கும் முன்பே அதை யுனிகோடுக்கு மாற்றி, மாற்றிய பிரதியை அவரிடம் காட்டிப் பிழை பார்த்து வாங்கிக்கொள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்புகள் இடம் மாறி நிற்கும். தமிழ் வரிகள் ஆங்கிலத்தை விட நீளும் என்பதால், பலகையின் அகலத்தை ஆங்கிலப் பெயரை வைத்து முடிவு செய்ய விடாதே. அவருக்கு அனுப்பப்போகும் அரைப் பக்கத்தை எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் அன்றிரவே வாசித்துப் பதில் எழுதுகிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்