கடவுச்சொல்லைப் பூட்டினால் மட்டும் போதாது

காரைக்குடி

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். ஆச்சி உன்னை விசாரித்தார்கள்.

வேலையை விட்டுப் போன இரண்டு பேரின் கணக்கையும் லினக்ஸ் சர்வரில் ‘யூசர்மாட்’ கட்டளையால் பூட்டிவிட்டதாக எழுதியிருந்தாய். அது பாதி வேலைதான். அந்தக் கட்டளை, கடவுச்சொற்கள் இருக்கும் ஷேடோ கோப்பில் கடவுச்சொல் ஹேஷுக்கு (அதன் உருமாற்றிய வடிவத்துக்கு) முன்னால் ஒரு ஆச்சரியக்குறி வைக்கிறது, அவ்வளவே. அவர்கள் லேப்டாப்பின் டிஜிட்டல் சாவி, அனுமதித்த சாவிகளை வைக்கும் ‘ஆதரைஸ்டு கீஸ்’ கோப்பில் கிடந்தால், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் கடவுச்சொல்லையே கேட்காது. உபுண்டு, டெபியனின் வழக்கமான அமைப்பில் நேரே உள்ளே விட்டுவிடும். முகப்பைப் பூட்டிவிட்டு, அடுத்த தெருவில் திறக்கிற பின்கட்டுக் கதவை மறந்த மாதிரி.

கணக்கையே காலாவதியாக்கு. ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள நிர்வாகிக் கணக்கில்) இருந்து ‘சேஜ் -ஈ 1’ என்று அடித்து, பக்கத்தில் பயனர் பெயரைப் போடு. ஈ பெரிய எழுத்து. நாள்களை 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணுவதால், 1 என்றால் 1970 ஜனவரி 2, அதாவது எப்போதோ முடிந்த தேதி. 0 போடாதே, சில நிரல்கள் அதைக் ‘காலாவதியே கிடையாது’ என்று எடுத்துக்கொள்ளும். பிறகு திறக்க வேண்டுமானால் -1. சாவிக் கோப்பையும் அகற்றிவிடு. இதெல்லாம் புதிதாக வருபவரைத்தான் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை ‘லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர்’ போட்டுத்தான் வெளியேற்ற வேண்டும்.

ஷெல்லை (நுழைந்தவரின் கட்டளைகளை வாங்கும் நிரலை), யாரையும் உள்ளே விடாத ‘நோலாகின்’ ஆக்கலாமா என்று கேட்டாய். நிரல்கள் ஓடுவதற்கென்றே இருக்கும் சர்வீஸ் கணக்குகளுக்கு நல்லது. மனிதர்களுக்கு அதை மட்டும் நம்பாதே: ஷெல் கிடைக்காவிட்டாலும், செல்லுபடியாகும் சாவி இருந்தால் எஸ்எஸ்எச் வழியாகப் போர்ட் ஃபார்வர்டிங் (சர்வரைக் கடந்து வேறு இணைப்புகளைக் கொண்டுபோவது) செய்துவிடலாம்.

எனக்குப் பிடித்தது குழு வைத்து அனுமதிப்பது. ஒரு குழு உருவாக்கி, வர வேண்டியவர்களைச் சேர்த்து, எஸ்எஸ்எச்சின் அமைப்புகள் இருக்கும் ‘எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்’ கோப்பில் ‘அலவ்குரூப்ஸ்’ என்று அந்தக் குழுவின் பெயரை எழுது. பட்டியலில் இல்லாதவர் யாரும் வர முடியாது, ரூட் உள்பட. ‘யூசர்மாட்’ கட்டளையால் சேர்க்கும்போது ‘-ஏஜி’ என்று போடு, ஜி பெரிய எழுத்து. அந்தச் சின்ன ஏ விட்டுப்போனால் அந்த ஆளின் மற்றத் துணைக் குழுக்கள் எல்லாம் போய்விடும், ரூட் அதிகாரத்தோடு கட்டளை ஓட்டவிடும் சூடோவும் சேர்ந்து. திருத்தியதும் ‘எஸ்எஸ்எச்டி -டி’ (டெஸ்ட் என்பதன் சின்ன டி) ஓட்டி, பிழை வராவிட்டால் மட்டும் ரீலோடு செய். பழைய ஜன்னலை மூடாமல், புதிய ஜன்னலில் நுழைந்து பார்.

பராமரிப்பு நேரத்தில் எல்லோரையும் தடுக்க ஈடிசி அடைவில் ‘நோலாகின்’ என்று ஒரு காலிக் கோப்பு போதும். ஆனால் அது ரூட்டைத் தவிர எல்லோரையும் தடுக்கும். ரூட்டுக்கு எஸ்எஸ்எச் அனுமதி இல்லாத சர்வரில், சூடோ வைத்திருக்கிற நீயும் வெளியேதான் நிற்பாய். வேலை முடியும்வரை உன் இணைப்பை விடாதே, கோப்பை அழித்துவிட்டு வெளியே வா.

காலாவதியாக்குமுன் அந்த இரண்டு கணக்கிலும் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஏதும் ஓடுகிறதா என்று அவசியம் பார். கணக்கு முடிந்தால் அதுவும் நின்றுபோகும், இரவு பேக்கப் எடுக்காதது மறுவாரம்தான் தெரியும். பேக்கப் யார் பெயரில் ஓடுகிறதென்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்