தைக்காத துணியும் உன் ஆய்வும்

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. 1900 முதல் 1930 வரையிலான பெண்கள் உடையைப் பற்றி நீ லண்டனில் எழுதத் தொடங்கியிருக்கும் ஆய்வின் வரைவைப் பொறுமையாகப் படித்தேன். ஆண்டுகளும் விவரங்களும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் பாரிஸில் தொடங்கிப் பாரிஸிலேயே முடிந்துவிடுகிறது. ஆயுள் முழுவதும் துணி வெட்டியவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

திமிங்கல எலும்பும் எஃகுப் பட்டையும் வைத்துத் தைத்த, இடுப்பை இறுக்கும் உள்ளுடையான கார்செட், 1900ஆம் ஆண்டையொட்டி மார்பை முன்னும் இடுப்பைப் பின்னும் தள்ளி, பெண்ணின் உடலை எஸ் எழுத்தின் வடிவுக்கு வளைத்தது. அதைக் கைவிட்டுத் தோளிலிருந்து துணியைத் தொங்கவிட்டவர்களில் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் பால் பொய்ரே முதன்மையானவர் என்று நீ எழுதியிருப்பது நியாயமே. அவரே 1910இல் கணுக்காலை இறுக்கும் பாவாடையைக் கொண்டுவந்து பெண்களின் நடையைக் கட்டிப்போட்டதையும் நீ விடாமல் சொல்லியிருக்கிறாய். அதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

தோளிலிருந்து துணியைத் தொங்கவிடும் அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்ற இடத்தில்தான் நீ அவசரப்பட்டுக் கடந்துவிட்டாய். பழைய கிரேக்கர்களின் போர்வையையும் ஜப்பானியரின் கிமோனோவையும் நம் நாட்டுத் தலைப்பாகையையும் அன்றைய ஐரோப்பிய உடை வடிவமைப்பாளர்கள் கூர்ந்து பார்த்தார்கள். நீ அடிக்கடி போய்வரும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருந்த இந்தியத் தலைப்பாகைகளைப் பார்த்தே பொய்ரே தம் தலைப்பாகைகளைச் செய்வித்தார். மரியானோ ஃபோர்ச்சுனி என்ற வடிவமைப்பாளர் பட்டுத் துணியை நுண்ணிய மடிப்புகளாக்கி, 1909இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1912இல் கடை திறந்த மேடலின் வியோனே, சிறிய மரப்பொம்மையின் மேல் துணியைப் போர்த்திப் பார்த்தே உடையை வடிவமைத்தவர். துணியை மூலைவாட்டில் வெட்டினால் இழைகள் நெகிழ்ந்து, கொக்கியோ பட்டையோ இல்லாமலே உடலோடு படியும் என்பதை அவர் முழு உடைக்கும் பயன்படுத்தினார். நம் கடையில் கிராஸ் கட் ரவிக்கை கேட்டு வருகிறவர்களுக்கு நாம் செய்வதும் இதே வேலைதான். ஆகவே அவருக்கு நீ ஒதுக்கியிருக்கும் அரைப்பக்கம் போதவே போதாது.

அதே ஆண்டுகளில் நம்மவர்கள் எதிர்த்திசையில் நடந்தார்கள் என்பதே நான் முக்கியமாகச் சொல்ல வருவது. பாரிஸ் தையலைக் குறைத்துக்கொண்டிருந்தபோது, நம் வசதியான வீட்டுப் பெண்கள் தைக்காத சேலைக்குள் உயர்ந்த கழுத்தும் லேஸும் உப்பிய கையும் வைத்த ரவிக்கையை அணியத் தொடங்கியிருந்தார்கள். அன்றைய ஸ்டூடியோப் படங்களில் இதைக் காணலாம். பெரானாக்கான் எனப்படும் சீன வழிச் சமூகத்துப் பெண்களான பினாங்கு நோன்யாக்களோ முழங்காலுக்கும் கீழே இறங்கிய பாஜு பாஞ்சாங் என்ற நீண்ட மேலாடையை 1920களில் படிப்படியாக விட்டு, இடுப்போடு முடியும், முன்பக்கம் திறந்த மெல்லிய மேற்சட்டையான கெபாயாவுக்கு மாறினார்கள். அதன் ஓரங்களில் ஐரோப்பிய லேஸ் ஏறியது. பின்னர் அந்த லேஸின் இடத்தைத் தையல் மெஷினில் போட்ட பூவேலை பிடித்தது. அப்போதும் கெபாயாவுக்குப் பொத்தான் வைக்கவில்லை. கெரொசாங் என்ற மூன்று ஊசிகளால்தான் முன்பக்கத்தைச் சேர்த்தார்கள். வெட்டித் தைத்த உடையிலும் தைக்காத உடையின் பழக்கத்தை அவர்கள் விடவில்லை என்றே இதை நான் படிக்கிறேன். உன் ஆசிரியர்களுக்கு இது புதிதாக இருக்கக்கூடும்.

மிதித்து ஓட்டும் சிங்கர் மெஷின் இங்கே வீடுகளுக்குள் வந்திராவிட்டால் இவ்வளவு நுணுக்கமான வேலை இத்தனை பேருக்கு எட்டியிருக்காது. பாரிஸ் நிறுவனங்களின் பெயர்களை நீ வரிசையாகத் தந்திருக்கிறாய். மெஷினைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதைக் கட்டாயம் சேர்.

விடுமுறைக்கு வரும்போது சர்ச் ஸ்திரீட்டில் உள்ள பெரானாக்கான் மாளிகைக்குப் போய், அங்கே வைத்திருக்கும் உடைகளையும் நகைகளையும் நிதானமாகப் பார்க்கலாம். அதற்கு முன்பே, நான் சொன்னவற்றை வைத்து ஒரு புது அத்தியாயத்தின் முதல் வரைவை எழுதி அனுப்பு. வெட்டு, தையல் பற்றிய பகுதிகளை நான் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா