பயிற்சி மருத்துவரின் நடுங்கிய கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பனில் கடல்பாசி எடுத்து என்னைப் படிக்கவைத்த தாயின் மகளான நான், நான்கரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பை முடித்து, இப்போது ஓராண்டுப் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றுகிறேன். இரவுப் பணியில், வயிற்றுப்போக்கால் நீரிழந்து வந்த குழந்தையின் கையில் இரத்தநாளம் கிடைக்காமல் மூன்றாம் முறையும் ஊசி தவறியபோது என் விரல்கள் நடுங்கியதைப் பல வாரங்கள் எவரிடமும் சொல்லாமல் மறைத்தேன். பயந்தவள் என்று தெரிந்தால் மருத்துவத்துக்கே லாயக்கற்றவள் என்பார்களோ என்ற அச்சம், ஊசியைப் பற்றிய அச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒருநாள் மூத்த மருத்துவர் ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, முதன்முதலில் ஒரு மரணத்தை உறவினரிடம் அறிவிக்க முடியாமல் தாம் தனியே நின்று அழுததைச் சொன்னார். மறுநாள் அவர் அருகில் நிற்க, நான் ஊசி போட்டேன். (நடுக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.)

2019-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் திறன் ஆகியவற்றுக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஆயினும் எங்கள் அச்சத்தைச் சக மருத்துவரிடம் சொல்லப் பழகவில்லை. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் தேவையானதுதான்; முகம் தெரிந்தவரிடம் பேசுவது வேறு. எனவே வாரம் ஒரு மணி நேரம், மதிப்பெண்ணும் வருகைப்பதிவும் இல்லாமல், மூத்தவர்களும் தம் தவறுகளைப் பேசும் கூடுகையை மருத்துவக் கல்லூரிகள் நடத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பயிற்சி மருத்துவர் ஒருவர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.