மும்பைக்குக் கிளம்பும் நண்பனுக்கு

ஏற்காடு,
ஞாயிறு இரவு.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் ஆடி மாதமே வந்து சேர்ந்துவிட்டது. பதில் தாமதமானதற்குக் காரணம் கேட்டால் முழங்கால், மழை, மிளகு விலை என்று வரிசையாகச் சொல்வேன். நீ ஒன்றையும் நம்பமாட்டாய். ஆகவே விட்டுவிடுவோம். இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்பதை மட்டும் அடுத்த கடிதத்தில் மறவாமல் எழுது. நம் பழைய கூட்டாளி ‘ஊறுகாய்’ அம்மாப்பேட்டை வீட்டை விற்றுவிட்டான்; குடையை மட்டும் இன்னும் திருப்பித் தர மறுக்கிறான்.

இனி உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் முதல் பக்கங்களில் நீ எழுதியிருப்பதெல்லாம் அந்தப் பக்கத்தைத் தள்ளிப்போடுவதற்காக எழுதியவை என்று படிக்கும்போதே தெரிந்தது. பையன் தாணேயில் வீடு எடுத்திருக்கிறான், மார்கழியில் நீயும் தங்கச்சியும் போகிறீர்கள், மும்பையில் எதை உடுத்தினால், எப்படி நடந்தால் வெளியூர்க்காரன் என்று பிறருக்குத் தெரியாமல் இருக்கும் என்று கேட்டிருக்கிறாய். அறுபதைத் தாண்டிய பிறகு, பவானியில் பாதி ஊர் எழுந்து வணக்கம் சொல்லும் ஒரு மனிதனுக்கு வந்திருக்கும் கவலையைப் பார்! சிரித்தேன். பிறகு, இந்தக் கேள்வியை நீ சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய் என்று தோன்றியது. வெளியூர்க்காரர்களை வைத்தே பிழைப்பவன் நான். மகள் செம்பூரில் குடியேறிய பிறகு மும்பையில் நானே வெளியூர்க்காரனாகவும் இருந்து பார்த்துவிட்டேன்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவந்த கார் என் கடைக்கு எதிரே நிற்கும்போதே, இறங்கப்போகிறவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார், வானத்தைப் பார்ப்பார், சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டரை மாட்டிக்கொள்வார், பிறகு கடைக்குள் வந்து பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒரிஜினல் மிளகுதானே?" என்று கேட்பார். உள்ளூர்க்காரர் பொட்டலத்தைத் தொடவேமாட்டார். நேராகச் சாக்குக்குப் போய் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, வாயால் ஊதுவார். பதர் எவ்வளவு பறக்கிறது என்று பார்த்து, ஒரு மணியை நகத்தால் அழுத்திவிட்டு, அதன் பிறகுதான் விலையைக் கேட்பார். ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, நம் ஊர்ச் சட்டையே போட்டுவிட்டாலும் முதலாமவரை நான் கண்டுபிடித்துவிடுவேன். இப்போது எல்லாருடைய உடுப்பும் ஒன்றுதான். எங்கள் தோட்டத்துப் பையன்கள் பெங்களூர்ப் பையன்களைவிட நன்றாகவே உடுத்துகிறார்கள்.

ஆளைக் காட்டிக்கொடுப்பது அவர் நிற்கும் இடம். ஒண்டிக்கடை ரவுண்டானாவில் சனிக்கிழமை காலையில் வந்து நின்று பார்: ஏரிக்கு எந்தப் பக்கம், லேடீஸ் சீட் காட்சிமுனைக்கு எந்தப் பக்கம் என்று தெரியாத குடும்பம் சாலையின் நட்டநடுவில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கும், பின்னால் சேலம் பேருந்து ஹாரன் அடித்து ஓயும். வழி தெரியாமல் போவது எல்லாருக்கும் உள்ளதுதான். எனக்கே சேலத்துப் புதுக் கட்டடங்களுக்கு நடுவே வழி தெரிவதில்லை. ஆனால் சந்தேகம் வந்ததும் நான் தானாக டீக்கடை ஓரமாக ஒதுங்குவேன். மும்பைக்குப் போகும் உனக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை இதுதான்: யோசிக்க வேண்டுமென்றால் சுவர் ஓரமாகப் போய் யோசி. தாதர் நிலையத்து நடைமேம்பாலத்தின் படியில் நின்று யோசித்தால், உன்னை யாரும் திட்டமாட்டார்கள், இடித்துக்கொண்டே கீழே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

இன்னொன்றையும் கவனி. அந்தக் காரிலிருந்து இறங்குகிறவரை நான் ஏன் பார்க்கிறேன்? என்னிடம் விற்பதற்கு மிளகு இருக்கிறது. விறகுக் கட்டுடன் அதே சாலையில் போகும் பெண் அவரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மும்பையிலும் உன்னைக் கூர்ந்து பார்ப்பவர்கள் இரண்டே வகை: உன்னிடம் எதையாவது விற்க வேண்டியவர், உன் பையிலிருந்து எதையாவது எடுக்க வேண்டியவர். மற்றவர்களுக்கு அடுத்த ரயிலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. அந்த இரண்டு வகைக்காரர்களையும் ஏமாற்ற உன்னால் முடியாது, என்னாலும் முடியாது. அது அவர்கள் தொழில்.

சரி, உடுப்பைப் பற்றிக் கேட்டாய். வேட்டி வேண்டாம் என்று பையன் சொன்னானாம், உனக்குக் கோபமாம். மின்சார ரயில் வரைக்கும் பையன் சொல்வதுதான் சரி. அந்த நெரிசலில் நீ இறங்கிவிடுவாய், வேட்டி அடுத்த நிலையத்துக்குப் போய்விடும். மாதுங்காவிலும் செம்பூரிலும் கோயிலுக்குப் போகும்போது தாராளமாகக் கட்டிக்கொள். அங்கே வேட்டியைப் பார்த்து யாரும் வியப்பதில்லை, வாசலில் பூ விற்கும் அம்மாள் தமிழிலேயே விலை சொல்வாள். தோளில் மாட்டும் பையை மார்புப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள். பார்த்தால் பயந்தாங்கொள்ளி வெளியூர்க்காரன் கோலம் மாதிரி இருக்கும். ஆனால் அங்கே தினமும் வேலைக்குப் போகிறவர்கள்தான் அப்படிப் போட்டுக்கொள்கிறார்கள். ஜமக்காளத்தைச் சுருட்டிக் கயிறு கட்டி எடுத்துப்போவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பவானிக்காரனிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

தாணேயிலிருந்து வண்டி ஏறும்போது பலகையில் ஸ்லோவா ஃபாஸ்ட்டா என்று பார். ஃபாஸ்ட் வண்டி குர்லாவில் நிற்கும், தாதரில் நிற்கும், இடையிலுள்ள மாதுங்காவில் நிற்காது. நீ கோயில் கோபுரத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அது தாண்டிப் போயிருக்கும். தங்கச்சி பெண்கள் பெட்டியில் ஏறுவதானால், எந்த நிலையத்தில் இறங்குவது, இறங்கி எந்த இடத்தில் நிற்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உன் நிலையத்துக்கு முந்திய நிலையத்திலேயே கதவுப் பக்கம் நகர்ந்துவிடு. முன்னால் நிற்பவர் தோளைத் தொட்டு, இறங்குகிறாரா என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. கேட்காமல் பின்னால் நிற்பதுதான் குற்றம்.

ஆட்டோ விஷயத்தில் நீ கட்டாயம் மாட்டிக்கொள்வாய், எனவே அதையும் எழுதிவிடுகிறேன். தாணேயில் ஆட்டோ மீட்டர் போட்டு ஓடும். நம் ஊர்ப் பழக்கத்தில் ஏறுவதற்கு முன்பே "எவ்வளவு?" என்று நீ பேரத்தைத் தொடங்கினால், வேட்டியும் ஜமக்காளமும் காட்டிக்கொடுக்காததை அந்த ஒரு கேள்வி காட்டிக்கொடுத்துவிடும். பேசாமல் ஏறி உட்கார், இறங்கும்போது மீட்டரைப் பார்த்துக் கொடு. அதே தைரியத்தில் தாதரில் இறங்கி ஆட்டோவைத் தேடாதே. சயானுக்கும் பாந்த்ராவுக்கும் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதியே இல்லை. அங்கே டாக்சியும் பேருந்தும்தான். டாக்சி என்றதும் நம் காலத்துப் படங்களில் வந்த பத்மினி கார் வரும் என்று காத்திருக்காதே, அந்தக் கறுப்பு மஞ்சள் பத்மினிகள் 2023-இல் சாலையைவிட்டே போய்விட்டன.

கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் போக வெட்கமாக இருக்கிறது, அங்கே போனால் வெளியூர்க்காரன் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வளைவின் கதை தெரியுமா உனக்கு? அதுவே ஒரு வெளியூர்க்காரருக்காகக் கட்டியதுதான். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியதன் நினைவாக எழுந்தது. ஆனால் 1913-இல்தான் அடிக்கல் நாட்டினார்கள், 1924-இல்தான் கட்டி முடித்தார்கள். வந்த விருந்தாளி போய்ப் பதின்மூன்று வருடம் கழித்து வாசல் தயார்! 1948 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு அந்த வாசல் வழியாகத்தான் கப்பலேறிப் போனது. அங்கே போய் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதற்கு உனக்கு முழு உரிமை உண்டு. படம் எடுத்து அங்கேயே அச்சிட்டுத் தருபவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஒரு படம் எடுத்துக்கொள், தங்கச்சி ஆசைப்படுவாள். எலிஃபண்டா குகைகளுக்குப் படகு அங்கிருந்துதான் புறப்படும், திங்கட்கிழமை மட்டும் போகாதே, அன்று குகைகளுக்கு விடுமுறை.

இவ்வளவும் விளையாட்டாக எழுதினேன். ஒன்றை மட்டும் விளையாட்டாக எழுத முடியவில்லை. உள்ளூர்க்காரன் போலத் தெரிய வேண்டும் என்ற ஆசையில், அங்குள்ள பையன்களைப் பார்த்து, ஓடும் வண்டியில் தாவி ஏறவோ, வாசலில் தொங்கவோ, தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கவோ நினைக்காதே. அந்தப் புறநகர் ரயில் பாதைகளில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரை நன்றாக அறிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். வண்டி போனால் போகட்டும், நின்று அடுத்த வண்டியில் ஏறு. அந்த ஒரு விஷயத்தில் வெளியூர்க்காரனாகவே இருந்துவிட்டு வா.

இப்போது உன் கடிதத்தில் நீ அடித்துவிட்டு, ஆனால் எனக்குப் படிக்கும்படி அடித்திருந்த அந்த வரிக்கு வருகிறேன். "பையனுடைய ஆபீஸ்காரர்கள் யாராவது பார்த்தால்" என்று தொடங்கி நிறுத்தியிருந்தாய். மும்பையைப் பற்றிய பயம் இல்லை இது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் வீட்டிலும் இது நடந்தது. தாதர் பாலத்தில் மகள் எங்களுக்கு இரண்டடி முன்னால் வேகமாகப் போனாள். நம்மோடு நடக்க அவளுக்குக் கூச்சம் என்று என் மனைவி முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் மூவர் சேர்ந்து நடக்க இடமில்லை. மகள் முன்னால் போய் வழி விலக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையைப் பின்னால் நீட்டி, அம்மாவின் முந்தானை நுனியை விரலில் சுற்றிப் பிடித்திருந்தாள். அதைப் பார்த்த பிறகும் என் மனைவி செம்பூர் வரும்வரை முகத்தை இறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

உன் அப்பா விடுதி வாசலில் தலையில் துண்டும் தோளில் பலாப்பழச் சாக்குமாக வந்து நின்ற நாள் உனக்கு நினைவிருக்கும். நீ மாடியிலிருந்து ஓடிவந்து சாக்கை வாங்கிக்கொண்டாய். சுற்றி யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை, பழம் எப்போது அறுபடும் என்றுதான் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் வாத்தியார் உட்பட. உன் பையன் உன் பையன்தானே?

குர்லா எக்ஸ்பிரஸில் ஈரோட்டில் ஏறுவதாக இருந்தால், டிக்கெட் எடுத்ததும் தேதியையும் பெட்டி எண்ணையும் எழுது. வண்டி சேலம் வழியாகத்தான் வருகிறது. நான் கீழே இறங்கிவந்து ஜங்ஷனில் நிற்கிறேன், மகளுக்குக் கொடுக்க மிளகும் காப்பித்தூளும் தட்டுவடையும் ஒரு மூட்டை இருக்கும். கனமாகத்தான் இருக்கும், இப்போதே சொல்லிவிட்டேன். ஜமக்காளத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் மலைக்காரன்