யார் கேட்கிறார்கள், பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மூன்று மதிப்புரைகளையும் படித்துவிட்டேன். நாவலுக்கு ஒன்று, குழந்தைகள் படப் புத்தகத்துக்கு ஒன்று, அந்தத் திகில் படத்துக்கு ஒன்று. உன் அம்மாவுக்குப் பட விமர்சனம்தான் பிடித்ததாம். எனக்கு மூன்றுமே ஒரே ஆளுக்கு எழுதியது போல இருந்தன. அந்த ஆள் உன் பேராசிரியர் என்று நினைக்கிறேன். ‘பிரதி’, ‘கட்டமைப்பு’, ‘பாத்திர வார்ப்பு’ மூன்றிலும் வருகின்றன. படப் புத்தகத்துக்கு எழுதியதில்கூட.

பள்ளியில் நன்னூலைக் கொஞ்சமாவது நெட்டுருப் போட்டிருப்பாய். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல். ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில், அதாவது அந்த நூலுக்கென்றே எழுதும் முன்னுரையில், என்னென்ன வர வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். முன்னால் இருப்பதையெல்லாம் நீ நன்றாகவே எழுதிவிடுகிறாய். கடைசி இரண்டில்தான் வழுக்குகிறாய். கேட்பவர் யார், அவருக்கு இதனால் என்ன பயன்?

படப் புத்தகத்தையே எடுத்துக்கொள். காசு கொடுத்து வாங்குகிறவர் பெரியவர், மடியில் உட்கார்ந்து கேட்பது நாலு வயதுக் குழந்தை. நீ எழுதியதில் அந்த இரண்டு பேரையுமே காணோம். பெரியவருக்குத் தெரிய வேண்டியது வேறு. வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கு தடுக்குகிறதா? படம் காட்டுவதையே எழுத்தும் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறதா? பக்கம் திருப்பும் இடத்தில் ‘அப்புறம்?’ என்று கேட்கத் தோன்றுகிறதா? உன் மூன்றாவது பத்தியில் ஒரு வரி கிடக்கிறது: “வலப்பக்க ஓரத்தில் ஒரு காது மட்டும் தெரிகிறது, திருப்பினால்தான் யானை வருகிறது.” புத்தகத்தை எடுக்கத் தூண்டும் ஒரே வரி அதுதான். அதைப் போய் அடைப்புக்குறிக்குள் போட்டு வைத்திருக்கிறாயே! முதல் வரிக்குக் கொண்டுவா. முடிந்தால் ஏதாவது ஒரு குழந்தைக்குப் படித்துக் காட்டு. எந்தப் பக்கத்தில் எழுந்து ஓடியது என்று குறித்துக்கொள். நீ தேடும் ‘கட்டமைப்பு’ அங்கேயே அகப்படும்.

திகில் படத்துக்கு வருகிறவர் பயப்பட வருகிறார். நீ பயந்தாயா இல்லையா என்று எங்குமே சொல்லவில்லை. அதற்குப் பதில் கேமரா கோணம் பற்றி இரண்டு பத்தி. போதாததற்கு முடிவையும் போட்டு உடைத்துவிட்டாய். 1960இல் ‘சைக்கோ’ வந்தபோது ஹிட்ச்காக் விமர்சகர்களுக்கு முன்கூட்டியே படத்தைக் காட்டவில்லை. பார்த்தவர்களிடமும் முடிவை வெளியே சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். அவருடைய பயம் நியாயமானதுதான்.

முடிவு சரியில்லை என்பதை முடிவைச் சொல்லாமல் எப்படி எழுதுவது என்று கேட்பாய். அதற்கும் நன்னூல் கைகொடுக்கும். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் ஒன்று ‘சென்று தேய்ந்து இறுதல்’. கம்பீரமாகக் கிளம்பி, போகப் போகத் தேய்ந்து, ஒன்றுமில்லாமல் முடிவது. இடைவேளைக்குப் பிறகு படுத்துவிடும் படங்களுக்கென்றே எழுதிவைத்த மாதிரி இல்லை? கொலையாளி யாரென்று சொல்லாமலே, “கடைசி அரை மணி நேரம் எல்லாரும் நின்ற இடத்தில் நின்று விளக்கம் சொல்கிறார்கள்” என்று எழுது. டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று படிக்கிறவரே முடிவு செய்துகொள்வார். இதே படத்தைத் திரைக்கலை படிக்கும் மாணவர்களுக்கு எழுதினால் சங்கதி வேறு. அங்கே முடிவைத் தொடாமல் பேசவே முடியாது. தலைப்புக்குக் கீழே ஒரு எச்சரிக்கை போட்டுவிட்டு தாராளமாக உடை.

நாவல் மதிப்புரையிலும் இதே சிக்கல்தான். எழுத்தாளர் சி.சு.செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ என்ற சிறுபத்திரிகையைத் தொடங்கி, விமர்சனத்துக்கு அதில் நிறைய இடம் கொடுத்தார். அந்த மாதிரிப் பத்திரிகையைத் தேடி வருகிறவர் நாவலைப் படித்திருப்பார், இல்லையென்றால் படிக்கத் துணிந்தவராக இருப்பார். அவரிடம் நேராக உத்திக்குள் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் புரட்டுகிறவர் நாவலின் பெயரையே உன்னிடம்தான் முதலில் கேட்கிறார். அவருக்கு நாலு பத்தி கதைச் சுருக்கமும் வேண்டாம், உத்தியும் வேண்டாம். கதை எங்கே, யாரை வைத்து நடக்கிறது, நடை எப்படி இருக்கிறது என்று சொல்லி, சான்றுக்கு நாவலிலிருந்தே இரண்டு வரி எடுத்துக் காட்டினால் போதும்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ஆளைப் பார்த்து வரிசையை மாற்று, சொல்லை மாற்று, சான்றை மாற்று. புத்தகம் நன்றாக இல்லை என்றால் இரண்டு பேரிடமும் நன்றாக இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நாளிதழில் ‘அனைவரும் வாசிக்க வேண்டிய நூல்’ என்று எழுதிவிட்டு, சிறுபத்திரிகையில் கிழிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாயிரம் என்றதும் இன்னொன்று. அதை யார் பாடுவது என்றும் நன்னூல் சொல்கிறது: ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர். தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால் வேண்டியவர்களைப் புகழச் சொல்லும் ஏற்பாடு. முன்னுரைக்கு அது சரி. மதிப்புரைக்கு அந்த நாலு பேருமே ஆகாது. நாவலை எழுதியவர் உன்னோடு படித்தவர் என்று போனில் சொன்னாய் அல்லவா? ஒன்று, எழுதாமல் விடு. இல்லையா, முதல் பத்தியிலேயே அதைச் சொல்லிவிடு.

மற்றதெல்லாம் எழுத எழுதப் பழகிவிடும். கவிதைத் தொகுப்பென்றால் ஒரு கவிதையையாவது முழுதாகப் படித்துப் பார்க்கக் கொடு. மொழிபெயர்ப்பென்றால் மொழிபெயர்த்தவரை மறக்காதே, நம்மவர்கள் வழக்கமாக மறப்பது அவரைத்தான். வரலாற்று நூலென்றால் பின்பக்கத்திலிருந்து புரட்டு. சான்றும் சொல்லடைவும் (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்) எப்படி என்று பார்த்துவிட்டு முன்னால் வா. மிக்சி, போன் மாதிரிப் பொருளென்றால் எவ்வளவு நாள் புழங்கினாய், வாங்கியதா சும்மா வந்ததா என்பதை மறைக்காதே.

படப் புத்தக மதிப்புரையை முதலில் திருத்தி அனுப்பு. அப்புறம், அந்த நாவல் ஆறாவது அத்தியாயத்தில் தடுமாறுகிறது என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு அது நம்பும்படியாக இல்லை. உன் பிரதியை அனுப்பிவை, நானே படித்துப் பார்க்கிறேன். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தால் அழித்துவிடாதே.

அன்புடன்,
அப்பா