ஏரிக்கடியில கிடக்கிற கப்பலுகளில கை வைக்காதேங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

போன கோடையில பிள்ளையளோட ஒன்ராறியோவில ஹூரன் ஏரிக்கரையில இருக்கிற டொபர்மோரிக்குப் போனனாங்கள், அங்க பிக் டப் துறைமுகத்தில கண்ணாடி அடி வச்ச போட்டில ஏறிக் குனிஞ்சு பாத்தா 1885ஆம் ஆண்டு தாண்ட ஸ்வீப்ஸ்டேக்ஸ் எண்ட பாய்க்கப்பல் ஒரு 20 அடி ஆழத்தில அப்பிடியே கிடக்குது, பலகையளை ஒண்டொண்டா எண்ணலாம். இவ்வளவு காலம் தண்ணிக்குள்ள கிடந்தும் ஏன் அப்பா உக்கேல்லை எண்டு மகள் கேட்டாள். கடலில எண்டா மரத்தைத் துளைச்சுத் தின்னுற புழு இருக்கு, ஹூரன் ஏரி குளிர்ந்த நல்ல தண்ணி, அந்தப் புழு இஞ்ச இல்லை.

ஆனா மனுசற்ற கைக்கு அது தாங்காது. ஒரு நங்கூரம் விழுந்தாலே பலகை பிளந்துபோம், ஆணி கப்பியெண்டு ஆளுக்கொண்டு கழட்டினா பிறகு என்ன மிஞ்சும்? 80களின்ர கடைசியில வெளிநாட்டுக் கப்பலுகளோட வந்த மட்டியள் வேற கனக்கக் கப்பலுகளை மூடி ஒட்டிப்போட்டுது.

சிலது சமாதியும்தான். சுப்பீரியர் ஏரியில 1975 நவம்பர் 10 தாண்ட எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எண்ட சரக்குக் கப்பலில 29 பேர் செத்தவை, ஒருத்தற்ற உடலும் கரை சேரேல்லை. அதுக்குக் கிட்டப் போக ஒன்ராறியோ சட்டப்படி அனுமதி வேணும், அது சரியான சட்டம், மற்றக் கப்பலுகளுக்கும் அந்தளவு கவனம் வேணும் எண்டுதான் கேக்கிறன்.

போட் வச்சிருக்கிற எங்கட சனம் தயவுசெய்து மிதவையில கட்டுங்கோ, கப்பலுக்கு மேல நங்கூரம் போடாதேங்கோ.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்