உன் கென்யி மஞ்சளாகிவிட்டது

பாப்பாவுக்கு,

சாப்பாடு, தூக்கம் எல்லாம் போனிலேயே கேட்டாகிவிட்டது. இது முழுக்க மீன் சமாச்சாரம், அவசரமாகச் சொல்ல மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ புனே கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் ஆறு கென்யிக் குஞ்சு வாங்கினோமே, ஒரு இன்ச் இருக்குமா, ஆறும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வெளிர் நீலத்தில் கருநீலப் பட்டையோடு இருந்தன. பொங்கல் சமயத்தில் அதில் பெரியது, ரெண்டரை இன்ச் வந்திருக்கும், வயிற்றுப் பக்கம் அழுக்குப் படிந்த மாதிரி ஆனது. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, சாயம் போன துணி மாதிரி. பயந்துவிட்டேன், நீ என்னை நம்பி விட்டுப்போன உயிராயிற்றே. உடனே பிடித்துத் தனி டப்பில் விட்டுக் கல் உப்பு போட்டேன். பத்து நாளாகியும் நீலம் திரும்பவில்லை. நன்றாகத் தின்றது, துடிப்பாக நீந்தியது, நிறம் மட்டும் மஞ்சள் பக்கமே போய்க்கொண்டிருந்தது. கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். "நோய் எல்லாம் இல்லை சார், இது ஆண். இனிமேல் மஞ்சள்தான்" என்றார்.

கென்யியில் குஞ்சாக இருக்கும்போது ஆணும் பெண்ணும் நீலம். பெண் கடைசிவரை நீலமாகவே இருக்கும், ஆண் மட்டும் வளர வளர ஹார்மோன் ஏறி மஞ்சளாகும். கென்யியின் சொந்த ஊர் ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவி ஏரி. அதே ஏரியில் சௌலோசி என்று இன்னொரு மீன் இருக்கிறது, அதில் அப்படியே தலைகீழ்: குஞ்சும் பெண்ணும் மஞ்சள், ஆண் நீலமாகிக் கறுப்புப் பட்டை வாங்கும். ஒரே ஏரிக்குள் இப்படி எதிரும் புதிருமாக இருப்பதை நினைத்து நினைத்து எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. பெரியவன் டப்பில் இருந்த அந்தப் பத்து நாளில், நாம் பெண் என்று நினைத்துக்கொண்டிருந்த இன்னொன்று, வால் ஓரம் லேசாகக் கிழிந்திருக்குமே அதுதான், அதுவும் மஞ்சளடிக்க ஆரம்பித்தது! பெரியவனைத் திரும்பத் தொட்டியில் விட்டேன், அன்று சாயங்காலமே அது மங்கிப்போய் ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது. இத்தனை நாளும் ஆணாகத்தான் இருந்திருக்கிறது, பெரியவனுக்குப் பயந்து நிறத்தைக் காட்டாமலே இருந்திருக்கிறது. தோலில் இருக்கும் நிறமி செல்லுக்குள் கறுப்புத் துகள் பரவினால் மீன் கறுக்கும், நடுவில் ஒடுங்கினால் வெளுக்கும், பயத்திலும் சண்டையிலும் அது நிமிஷக் கணக்கில் நடக்கிறதாம். வளர்ச்சியில் வருவது அப்படி இல்லை, வாரக்கணக்கில் மெதுவாக ஊறி வரும். இது தெரிந்திருந்தால் பெரியவனைப் பிடித்து டப்பில் போட்டு அலைக்கழித்திருக்க மாட்டேன்.

அப்புறம் ஒரு விஷயம். அடுத்து பீகாக் மீன் வாங்கலாம் என்று சொன்னாயே, சின்னதிலேயே பளபளவென்று நிறமாக இருப்பதை எடுக்காதே. பீகாக் குஞ்சு எல்லாம் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். ஹார்மோன் கொடுத்து முன்கூட்டியே நிறம் ஏற்றி விற்பவர்கள் உண்டு, அந்த நிறம் வீட்டுக்கு வந்தபின் இறங்கிவிடும். மங்கலாக இருப்பதை நாலைந்து வாங்கிப் பொறுமையாக வளர்ப்பதே சரி என்பது என் கருத்து.

தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாதே. குழாயில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே நம் போர் தண்ணீர், அந்த உப்பும் கடினமும் மலாவி மீனுக்கு ஒத்துப்போகிறது. பிஹெச் 8 பக்கம் காட்டுகிறது. சித்திரை வெயிலுக்குத்தான் ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும், கரண்ட் போனால் ஏர் பம்ப் நின்றுவிடுகிறது, பேட்டரியில் ஓடுகிற பம்ப் ஒன்று வாங்கிவைக்கப் போகிறேன்.

கிழிந்த வால்காரனுக்காகக் கற்களை மாற்றி அடுக்கி ரெண்டு பொந்து கூடுதலாக வைத்தேன், இப்போது கொஞ்சம் வெளியே வருகிறான். இன்னொரு செய்தி, நீலத்தில் ஒருத்தி வாயைத் திறக்காமல் ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை, தாடை உப்பியிருக்கிறது. முட்டையை வாயில் வைத்திருக்கிறாள். மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள், அப்படியென்றால் நீ லீவுக்கு வரும் சமயத்தில்தான் குஞ்சு இறங்கும். அந்தச் சின்னத் தொட்டி பரணில் எங்கே இருக்கிறது என்று மட்டும் ராத்திரி போன் செய்து சொல்.

அப்பா